பதின்மூன்று மரணங்களுக்குப் பின் ஓர் ஆலோசனைக் குழு: சிங்கப்பூரின் வேலையிடப் பாதுகாப்பு மன்றம் உருவான விதம்

2004 ஏப்ரல் 20, பிற்பகல் மூன்றரை மணி. சிங்கப்பூரின் நிக்கல் நெடுஞ்சாலையில் ஒரு பகுதி பள்ளத்துக்குள் போய்விட்டது. வட்ட ரயில் பாதைக்காகச் சாலையை ஒட்டித் தோண்டியிருந்த ஆழமான குழியின் தடுப்புச் சுவர் சரிந்ததுதான் காரணம். நான்கு பேர் இறந்தார்கள். ஒன்பதாம் நாள், ஏப்ரல் 29-ல், ஃபியூஷனோபோலிஸ் கட்டுமானத் தளத்தில் கட்டி நிறுத்தியிருந்த கம்பிக் கூடு சாய்ந்து இரண்டு பேர் இறந்தார்கள். மே 29-ல் கெப்பல் கப்பல் பட்டறையில், பழுதுபார்ப்புக்கு வந்திருந்த ‘அல்முதைனா’ என்ற கப்பலில் தீப்பிடித்து ஏழு பேர் இறந்தார்கள். நாற்பது நாளுக்குள் 13 உயிர்கள். அந்த ஆண்டு முழுவதும் வேலையிடத்தில் இறந்தவர்கள் 83 பேர். லட்சம் தொழிலாளர்களுக்கு 4.9 பேர் என்ற விகிதம் அது.

இப்படிப்பட்ட நேரத்தில் எந்த அரசும் விசாரணைக் குழு போடும், இழப்பீடு அறிவிக்கும், சுற்றறிக்கை அனுப்பும். கூடவே ஓர் ஆலோசனைக் குழுவும் போடும். ஆலோசனைக் குழு என்றாலே நமக்கெல்லாம் ஒரு படம் மனசில் வரும்: பெரிய மேசை, பெயர்ப் பலகைகள், தேநீர், முந்திரி, கடைசியில் ஒரு குரூப் போட்டோ. சிங்கப்பூர் 2005-ல் போட்ட குழு அந்த வழியில் போகவில்லை. மூன்றே ஆண்டுகளில் அது சட்ட அதிகாரமுள்ள மன்றமானது, பத்தாண்டுக்குள் மரண விகிதம் பாதிக்கும் கீழே வந்தது. அது எப்படி நடந்தது, எந்த இடத்தில் வந்து தட்டி நின்றது என்று பார்ப்போம்.

குழிக்குள் நடந்தது

நிக்கல் நெடுஞ்சாலை விபத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பின்னால் வந்த சட்டமும் குழுவும் ஏன் அந்த வடிவில் வந்தன என்பது இந்தக் குழிக்குள்தான் இருக்கிறது.

முப்பது மீட்டருக்கும் அதிக ஆழம். மண் பெரும்பாலும் சேறு போன்ற கடல் களிமண். இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர். அந்தச் சுவர்கள் உள்ளே சரியாமல் இருக்க, ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு எஃகு முட்டுகளை அடுக்கடுக்காகக் கொடுத்துக்கொண்டே கீழே தோண்டினார்கள். முட்டு நேராகச் சுவரில் போய் நிற்காது. சுவரை ஒட்டி நீளவாக்கில் ஓடும் எஃகு உத்தரத்தில் போய் நிற்கும். முட்டும் உத்தரமும் சந்திக்கும் அந்த மூட்டுதான் சுமை முழுவதையும் வாங்கும் இடம்.

அந்த மூட்டின் வலிமையைக் கணக்கிட்டதிலேயே தவறு இருந்தது. தொடக்கத்தில் அங்கே உறுதிக்காகத் தட்டையான எஃகுத் தகடுகளை வைத்தார்கள். சில இடங்களில் அவை நெளிந்ததும், கீழ் அடுக்குகளில் அவற்றுக்குப் பதிலாக ‘சி’ வடிவச் சட்டங்களைப் பொருத்தினார்கள். இந்த மாற்றம் மூட்டின் பலத்தைப் பெரிதாகக் கூட்டவில்லை. நெளிந்து எச்சரிக்கை தந்துவிட்டு மெதுவாகத் தளர வேண்டிய மூட்டை, திடீரென்று விட்டுவிடும் மூட்டாக மாற்றியதுதான் மிச்சம். மண்ணின் நடத்தையைக் கணித்த கணினி மென்பொருளிலும் அந்தக் களிமண்ணுக்குப் பொருந்தாத முறையைப் பயன்படுத்தியிருந்தார்கள். அதனால் சுவர் மீது வரும் விசை உண்மையைவிடக் குறைவாகத் தெரிந்தது.

சுவர் எவ்வளவு நகர்கிறது என்று அளக்கும் கருவிகள் இருந்தன. அளவுகள் எல்லையைத் தாண்டவும் செய்தன. தாண்டியபோது வேலையை நிறுத்தவில்லை. அளவுக்கு ஏற்ப மறுகணக்கு போட்டு, எல்லையைத் தளர்த்தினார்கள். விபத்தன்று காலை, ஒன்பதாம் அடுக்கு முட்டுகள் இருந்த இடத்தில் ‘தம் தம்’ என்று சத்தம் கேட்டிருக்கிறது. உத்தரம் வளைவது கண்ணுக்கே தெரிந்தது. மூட்டுகளில் கான்கிரீட் ஊற்றி உறுதிப்படுத்தப் பார்த்தார்கள். அப்போதும் ஆட்களை முழுவதுமாக மேலே ஏற்றவில்லை. சரிவு தொடங்கியபோது ஒரு போர்மேன் தன்னோடு இருந்த தொழிலாளர்களை மேலே அனுப்பிவிட்டுத் தான் வெளியே வராமலே போனார். அவர் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

மாவட்ட மூத்த நீதிபதி ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையிலான விசாரணைக் குழு 2005 மே மாதம் இறுதி அறிக்கை தந்தது. அதன் சாரம் இதுதான்: விபத்து தவிர்த்திருக்கக் கூடியது, எச்சரிக்கைகள் பல வந்தும் யாரும் நிறுத்தவில்லை. குத்தகை எடுத்திருந்த கூட்டு நிறுவனத்தின் முதன்மைப் பங்காளியான நிஷிமட்சுவுக்கு, பழைய தொழிற்சாலைச் சட்டம் அனுமதித்த உச்ச அபராதம் போடப்பட்டது: 2 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). அவ்வளவு பெரிய ரயில் ஒப்பந்தத்துக்கு முன்னால் அது சில்லறைக் காசு.

பழைய சட்டத்தில் என்ன குறை

1973-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஒரு பட்டியல் சட்டம். ஏணி இப்படி இருக்க வேண்டும், இயந்திரத்துக்கு மறைப்பு இப்படிப் போட வேண்டும் என்று ஒவ்வொன்றையும் அது சொல்லும். பட்டியலில் இருப்பதைச் செய்துவிட்டால் முதலாளியின் கடமை முடிந்தது. பட்டியலில் இல்லாத ஆபத்தை யார் யோசிப்பது? நிக்கல் குழியில் ஒவ்வொருவரிடமும் அவரவர் தாள் சரியாக இருந்தது. ‘நிறுத்து’ என்று சொல்வதுதான் யாருடைய வேலையாகவும் இல்லை.

2005 மார்ச்சில் மனிதவள அமைச்சர் இங் எங் ஹென் புதிய கட்டமைப்பை அறிவித்தார். அதில் மூன்று கொள்கைகள். ஆபத்தை உருவாக்குகிறவரே அதை மூலத்திலேயே ஒழிக்க வேண்டும். அரசாங்கம் சொல்லட்டும் என்று காத்திராமல் தொழில்துறையே பாதுகாப்பைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். தண்டனை, நேர்ந்த சேதத்துக்கு மட்டுமல்லாமல் நேரக்கூடிய சேதத்துக்கும் பொருந்த வேண்டும். அதாவது யாரும் சாகும்வரை காத்திருக்க வேண்டாம். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006 மார்ச் 1-ல் நடப்புக்கு வந்தது. நிறுவனத்துக்கு முதல் குற்றத்துக்கு 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், மறுபடி செய்தால் 10 லட்சம் வரை. தனி நபருக்கு 2 லட்சம் வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். தொழிற்சாலை, கட்டுமானத் தளம், கப்பல் பட்டறை என்று தொடங்கிய சட்டம் 2011 செப்டம்பரில் அலுவலகம், கடை, உணவகம் என எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்தது.

இரண்டாவது கொள்கையான ‘தொழில்துறையின் பொறுப்பு’ காகிதத்தில் எழுத எளிது. அதற்கு ஓர் உருவம் வேண்டுமே. அதற்காக வந்ததுதான் ஆலோசனைக் குழு.

குழுவிலிருந்து மன்றம்

2005 செப்டம்பரில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார ஆலோசனைக் குழு அமைந்தது. தலைவராக ஓர் அமைச்சு அதிகாரியையோ ஓய்வுபெற்ற நீதிபதியையோ போடவில்லை. சிங்கப்பூர் ஷெல் நிறுவனங்களின் தலைவரான லீ சு யாங்கைப் போட்டார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்காரர்களுக்குப் பாதுகாப்பு என்பது பேச்சுப் போட்டித் தலைப்பு இல்லை; ஒரு வால்வு தப்பினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள். அப்படிப்பட்ட ஒருவர் கட்டுமான முதலாளிகளிடம் ‘இது செலவு பிடித்த காரியம்’ என்ற சாக்கைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்.

குழுவில் கட்டுமானம், கப்பல் தொழில், உற்பத்தி, பெட்ரோ ரசாயனம், சரக்குப் போக்குவரத்து ஆகிய துறைகளின் தலைவர்கள், அரசு, தொழிற்சங்கம், காப்புறுதி, சட்டம், கல்வித்துறை ஆட்கள் இருந்தார்கள். துறைக்கு ஒரு துணைக் குழுவும் இருந்தது. அது தேவைதான். கப்பல் தொட்டிக்குள் வெல்டிங் செய்கிறவருக்கு நேரும் ஆபத்தும் பதினைந்தாம் மாடியில் கம்பி கட்டுகிறவருக்கு நேரும் ஆபத்தும் ஒன்றல்ல.

2008 ஏப்ரல் 1-ல் இந்தக் குழு மன்றமானது. ஆலோசனைக் குழு அமைச்சரிடம் சொல்லும், அமைச்சர் கேட்டால் கேட்பார். மன்றத்துக்கோ நடைமுறை விதித்தொகுப்புகளை அங்கீகரிக்கும் அதிகாரம் சட்டத்திலேயே இருக்கிறது. உயரத்தில் வேலை, பளுதூக்கி இயக்கம், காற்றோட்டமில்லாத தொட்டிக்குள் வேலை என ஒவ்வொன்றுக்கும் மன்றம் ஒரு தொகுப்பை அங்கீகரிக்கிறது. அதைப் பின்பற்றாதது மட்டுமே குற்றமாகிவிடாது. ஆனால் விபத்து நடந்து வழக்கு வரும்போது, ‘உன் துறைக்காரர்களே ஒப்புக்கொண்ட முறை இது, நீ ஏன் செய்யவில்லை?’ என்று அதை நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டலாம். இப்படித்தான் ஆலோசனைக்குப் பல் முளைத்தது.

இலக்கும் மாறியது. முதலில் 2015-க்குள் மரண விகிதத்தை 2.5 ஆகக் குறைப்பது என்று வைத்தார்கள். பிறகு பிரதமர் லீ சியன் லூங் அதை 2018-க்குள் 1.8 என்று இறுக்கினார். 2014-லேயே 1.8 வந்துவிட்டது. 2016-ல் 66 பேர் இறந்து 1.9-க்கு ஏறியது. மறு ஆண்டே 42 பேர், 1.2. 2018-ல் 41 பேர், அதே 1.2.

கேட்கிறவர் பெரிய குத்தகையாளர் என்றால்

மன்றத்தின் திட்டங்களிலேயே அதிகம் பரவியது ‘பிஸ்சேஃப்’. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு ஐந்து படிகள். முதல் படியில் முதலாளியோ நிர்வாகத் தலைவரோ நேரில் வந்து பயிலரங்கில் உட்கார வேண்டும். இரண்டாம் படியில் நிறுவனத்தில் ஒருவர் ஆபத்து மதிப்பீடு கற்க வேண்டும். மூன்றாம் படியில் அந்த மதிப்பீட்டை நடைமுறைப்படுத்தி வெளித் தணிக்கையாளரிடம் காட்ட வேண்டும். நான்காவது, பாதுகாப்பு நிர்வாக முறையைக் கட்ட ஒருவரைத் தயார் செய்வது. அதற்கு மேலே ‘ஸ்டார்’.

இது விருப்பத் திட்டம், சட்டக் கட்டாயம் இல்லை. அப்படியிருந்தும் சின்னக் கம்பெனிகள் வரிசையில் நின்றதற்குக் காரணம், பெரிய குத்தகையாளர்களும் அரசு அமைப்புகளும் டெண்டருக்கு ‘பிஸ்சேஃப் மூன்று இருக்கிறதா?’ என்று கேட்க ஆரம்பித்ததுதான். இல்லை என்றால் ஏலத்திலேயே கலந்துகொள்ள முடியாது. மன்றத்தின் அறிவுரையை வேலை கிடைப்பதற்கான நிபந்தனையாக மாற்றியது சந்தைதான். சிங்கப்பூர் அனுபவத்தில் மற்றவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இன்னொரு பிடி, வேலை அனுமதி. சிங்கப்பூர்க் கட்டுமானம் வெளிநாட்டு ஊழியர்களை நம்பி ஓடுகிறது. பாதுகாப்பு மீறலுக்குக் குறைப்புள்ளிகள் உண்டு. அவை 25-ஐத் தொட்டால் புதிதாக வெளிநாட்டு ஊழியர் எடுக்கக் குறிப்பிட்ட காலத்துக்குத் தடை. அபராதம் என்றால் கணக்கில் எழுதிவிட்டுப் போகிற முதலாளிகூட, ஆள் கிடைக்காது என்றதும் பதறுவார். இந்தப் பிடியை எல்லா நாடுகளும் அப்படியே எடுத்துப் போட முடியாது. உள்ளூர் ஆட்களையே நம்பும் தொழிலில் இது செல்லாது.

பிஸ்சேஃப் கொண்டுவந்த ஒரு தொல்லையையும் சொல்ல வேண்டும். எங்கே தாள் கேட்கிறார்களோ அங்கே தாள் எழுதித் தரும் தொழிலும் கூடவே முளைக்கும். ஒரே ஆபத்து மதிப்பீட்டுப் படிவத்தைத் தளத்தின் பெயரை மட்டும் மாற்றி நான்கு இடத்துக்குக் கொடுக்கலாம். சான்றிதழ் சுவரில் தொங்கும், கீழே பள்ளத்துக்குத் தடுப்பு இருக்காது. தணிக்கையாளர் தளத்தில் நடந்து பார்க்கிறாரா, கோப்பைப் புரட்டுகிறாரா என்பதில்தான் வித்தியாசம்.

மேசையில் இல்லாதவர்கள்

சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் தமிழ் கேட்காத இடம் குறைவு. புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்து இளைஞர்கள் பலர் அங்கே இருக்கிறார்கள். கட்டுமான வேலைக்கு வருகிறவர் பாதுகாப்பு வகுப்பு முடித்துத் தேர்ச்சி பெற்றால்தான் தளத்துக்குள் போக முடியும். அந்த வகுப்பு தமிழிலும் வங்காளத்திலும் சீனத்திலும் நடக்கிறது. மன்றத்தின் சுவரொட்டிகளும் தமிழில் வருகின்றன. காலையில் வேலை தொடங்கும் முன் ‘டூல்பாக்ஸ் மீட்டிங்’. சூப்பர்வைசர் அன்றைய வேலை, அன்றைய ஆபத்து இரண்டையும் சொல்வார். மொழிக்காக இவ்வளவு மெனக்கெட்டது நல்ல விஷயம், மறுப்பதற்கில்லை.

ஆனால் காது கொடுத்துக் கேட்பது வேறு, வாய் திறந்து சொல்வது வேறு. ஊரில் ஏஜென்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வந்தவர், வேலை அனுமதி முதலாளியோடு பிணைந்திருக்கும்போது, ‘இந்தச் சாரம் ஆடுகிறது, நான் ஏற மாட்டேன்’ என்று எப்படிச் சொல்வார்? அதிகாரிகளிடம் புகார் சொன்னதற்காக நீக்கக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. முதலாளி அந்தக் காரணத்தை எழுதிவிட்டா நீக்குவார்? ‘வேலை முடிந்துவிட்டது, ஊருக்குப் போ’ என்றால் போதும்.

மன்றத்தில் தொழிற்சங்கத்தின் சார்பில் ஆள் உண்டு. தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து 2009-ல் வெளிநாட்டு ஊழியர் நிலையம் ஒன்றையும் தொடங்கின. இவை எல்லாம் அவர்கள் சார்பாகப் பேசும் ஏற்பாடுகள். நேற்று சாரத்தில் ஏறி இறங்கியவர், தானே உட்கார்ந்து ‘எனக்கு இது நடந்தது’ என்று சொல்ல ஓர் இடம் அந்த மேசையில் இல்லை. தலைவர்களைக் கொண்டு அமைத்த மன்றம் என்பதால் தலைவர்களுக்குத் தெரியும் ஆபத்துகளை அது நன்றாகக் கையாண்டது. விதித்தொகுப்பு, சான்றிதழ், விருது எல்லாம் ஒழுங்காக ஓடின. துணைக் குத்தகைக்குக் கீழே இன்னொரு துணைக் குத்தகை என்று போகும் கடைசிக் கண்ணியில் நடப்பது, மேலே வரும்போது பெரும்பாலும் விபத்துச் செய்தியாகத்தான் வந்தது.

2021 துவாஸ், அதன் பிறகு

2021 பிப்ரவரி 24-ல் துவாஸ் தொழிற்பேட்டையில் ஒரு சிறு தொழிற்கூடத்தில் இருந்த இயந்திரம் வெடித்தது. மூன்று பேர் இறந்தார்கள், ஏழு பேர் காயமடைந்தார்கள். தீ தடுப்பு உறைகளுக்கான களிமண் கலவையைத் தயாரிக்கும் இயந்திரம் அது. அதைச் சூடாக்கும் எண்ணெய் கசிந்திருக்கிறது, புகை வந்திருக்கிறது, சின்னதாகத் தீயும் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒட்டுப் போட்டு ஓட்டினார்கள். முதல் வெடிப்புக்குப் பிறகு அங்கே படிந்திருந்த உருளைக்கிழங்கு மாவுத் தூசியும் பற்றிக்கொண்டது. விசாரணையில் வெளிவந்த விவரங்களைப் படிக்கும்போது நிக்கல் குழியில் எல்லையைத் தளர்த்தியது ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. பதினேழு ஆண்டுகளில் பெரிய குத்தகையாளர்கள் மாறினார்கள். இந்த அளவுச் சின்னக் கூடத்துக்கு மாற்றம் போய்ச் சேரவில்லை.

கொரோனா முடக்கத்துக்குப் பிறகு நின்றுபோன வேலைகளை முடிக்க அவசரம், அனுபவசாலிகள் பலர் ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். 2021-ல் 37 ஆக இருந்த மரணம் 2022-ல் 46 ஆனது. அந்த ஆண்டு செப்டம்பர் 1-ல் அரசு ‘கூடுதல் பாதுகாப்புக் காலம்’ அறிவித்து, 2023 மே 31 வரை நீட்டித்தது. கடுமையான குறை கண்ட நிறுவனத்தின் தலைமை நிர்வாகி நேரில் அமைச்சிடம் வந்து பதில் சொல்ல வேண்டும். மூன்று மாதம் வரை புதிய வெளிநாட்டு ஊழியருக்குத் தடை வரலாம். 2022 அக்டோபரில் தலைமை நிர்வாகிகளுக்கும் இயக்குநர் குழுவுக்குமான தனி விதித்தொகுப்பும் வந்தது. 2023-ல் மரணங்கள் 36, விகிதம் 0.99. கொரோனாவால் தளங்கள் மூடிக் கிடந்த 2020-ஐ விட்டுப் பார்த்தால், ஒன்றுக்குக் கீழே இறங்கியது அதுதான் முதல் முறை. 2024-ல் 43 பேர், மறுபடியும் 1.2. 2028-க்குள் ஒன்றுக்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே நிலைநிறுத்துவதுதான் இப்போதைய தேசிய இலக்கு.

நெருக்கடி அறிவித்தால் இறங்குகிறது, எடுத்தால் ஏறுகிறது. இது மன்றத்தின் தோல்வி என்று சொல்ல மாட்டேன். 4.9-லிருந்து 1.2 வரை வந்தது சாதாரணக் காரியம் இல்லை. ஆனால் அந்த இறக்கத்தில் பெரும்பகுதி, கேட்கத் தயாராக இருந்தவர்களிடம் சொல்லிக் கிடைத்தது. மிச்சம் இருப்பது சொல்லியும் கேட்காதவர்கள், அல்லது கேட்க வசதியில்லாதவர்கள். குறைந்த விலைக்கு ஏலம் எடுத்துவிட்டுக் குறைந்த நாளில் முடிக்க வேண்டிய துணைக் குத்தகையாளருக்கு இன்னொரு வழிகாட்டி நூல் கொடுத்து ஒன்றும் ஆகப் போவதில்லை.

அதனால்தான் 2024-ல் வந்த மாற்றங்களில் எனக்குப் பெரிதாகப் படுவது கேமரா இல்லை. அந்த ஜூனில் 50 லட்சம் வெள்ளியோ அதற்கு மேலோ மதிப்புள்ள கட்டுமானத் தளங்களில் கேமரா கட்டாயமானது. துணை விதிகளை மீறுவோருக்கான உச்ச அபராதம் 20,000 வெள்ளியிலிருந்து 50,000 ஆனது. சரி, நல்லதுதான். அதற்கு இரண்டு மாதம் முன்பே, ஏப்ரலில், அரசுக் கட்டுமான டெண்டர்களில் வேறொரு மாற்றம் வந்திருந்தது. ஏலத்தை மதிப்பிடும்போது பாதுகாப்புக்குக் குறைந்தது 5 சதவீத மதிப்பெண். 25 குறைப்புள்ளி வாங்கிய குத்தகையாளர் அந்தத் தடைக்காலம் முடியும்வரை எந்த அரசு டெண்டரிலும் கிடையாது. 5 கோடி வெள்ளியோ அதற்கு மேலோ மதிப்புள்ள அரசுத் திட்டங்களில் பாதுகாப்பாக முடித்தவருக்கு ஊக்கத்தொகை. நாட்டிலேயே பெரிய கட்டுமான வாடிக்கையாளர் அரசாங்கம்தான். நிக்கல் நெடுஞ்சாலைக் குழியைத் தோண்டச் சொன்னதும் அரசின் நிலப் போக்குவரத்து ஆணையம்தான். பாதுகாப்புக்கும் சேர்த்து விலை கொடுக்க அந்த வாடிக்கையாளர் எல்லா டெண்டரிலும் பொதுவாக ஒப்புக்கொள்ள இருபது ஆண்டு ஆகியிருக்கிறது. 5 சதவீதம் போதுமா என்றால், போதாது என்பதுதான் என் கணிப்பு. விலையில் பத்து சதவீதம் குறைத்துக் கேட்கிறவர் அந்த மதிப்பெண்ணை எளிதாகத் தாண்டிவிடுவார்.